கோமதி வாசிக்காத மூன்று அத்தியாயங்கள்

செய்தி வந்தபோது நான் கோமதியின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். காலைச் சமையலை முடித்துவிட்டு, இயர்போனைக் காதில் மாட்டி, நாவலை மடியில் விரித்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். சரிபார்க்கச் சொல்லி முந்தின நாள் அவள் அனுப்பியிருந்த அத்தியாயம் அது. பாதியில் அவள் குரல் நின்று போன் அடித்தது. செட்டிகுளத்திலிருந்து அவள் கணவர் ராமசாமி அண்ணன்.

"தங்கச்சி, கோமதி போயிட்டாம்மா. காலையில எந்திரிச்சதுமே நெஞ்சு வலிக்குதுன்னா. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

அதோடு போனை வைத்துவிட்டார். வைத்ததும், போன் தன்பாட்டுக்கு விட்ட இடத்திலிருந்து அவள் குரலைத் தொடர்ந்தது. அண்ணனும் தம்பியும் கிணற்று மேட்டில் நின்று சண்டை போடுகிற இடம். இறந்துவிட்டாள் என்று சொன்ன பிறகும் அவள் அந்தச் சண்டையை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். நிறுத்துவதற்கு எனக்குக் கை வரவில்லை.

நம் வாசகர் வட்டத்தில் உங்களில் பலருக்கு அவளைக் குரலாகத்தான் தெரியும். பஸ்ஸிலும் சமையல்கட்டிலும் அவள் வாசித்த புத்தகங்களைக் கேட்டவர்கள் நீங்கள். எனக்கு அவள் அதற்கு முன்பே பல வருடப் பழக்கம். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் "யாருடி அந்த அவரு?" என்று கேட்பாள். ஆகவே 'அவள்' என்றே இருக்கட்டும்.

அவள் கடைசியாக வாசித்துக்கொண்டிருந்தது ஒரு கிணற்றுக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பியின் கதை. அதில் மூன்று அத்தியாயங்கள் பாக்கி. காரியம் முடிந்த சில நாளில், ஒலிப்புத்தகங்கள் வெளியிடும் சென்னை நிறுவனத்திலிருந்து நித்யா பேசினாள். கோமதியின் பதிவுகளை ஆரம்பத்திலிருந்து கவனித்துக்கொண்ட பெண். முதலில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். "அவங்க குரல் எங்ககிட்ட நிறைய இருக்கு மேடம். மிச்சம் மூணு அத்தியாயத்தையும் அவங்க குரல்லயே கம்ப்யூட்டரை வாசிக்க வச்சிடலாம். கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. சார் சம்மதிச்சா போதும்." ராமசாமி அண்ணனைக் கேட்டேன். "நீ என்னம்மா சொல்றியோ அதான்" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், அவள் இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் அரியலூரில் கோர்ட் நகல் பிரிவில் வேலை பார்த்தோம். தீர்ப்பின் நகலைக் கட்சிக்காரருக்குக் கொடுப்பதற்கு முன், ஒருவர் அசலை உரக்க வாசிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் நகலைப் பார்த்துக்கொண்டே சரிபார்ப்பார். வாசிப்பது கோமதி, சரிபார்ப்பது நான். சர்வே எண்ணும் வாய்க்கால் வரப்பும் ஜீவனாம்சமுமாக அவள் வாசித்ததை எல்லாம் நான் பென்சில் முனையால் தொடர்ந்து போயிருக்கிறேன். கோமதி வாசித்தால் வரப்புத் தகராறுகூடக் கேட்கும்படி இருக்கும்.

ஓய்வு பெற்றதும் கணவரின் ஊரான செட்டிகுளத்துக்குப் போனவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "சும்மா இருந்தா வாயி துருப்பிடிச்சிடும்போல இருக்குடி" என்று போனில் புலம்பினாள். அப்போதுதான் வீட்டிலிருந்தே புத்தகம் வாசித்துத் தருகிறவர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தாள். கருவிகள் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். அவள் யோசிக்கவில்லை. "இத்தனை வருசம் யாருமே ஆசைப்பட்டுக் கேக்காததைப் படிச்சேன். ஆசைப்பட்டுக் கேக்குறவங்களுக்குப் படிக்க மாட்டேனா?" என்றாள்.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று என்னையும் வரச் சொல்லிவிட்டாள். அரியலூரில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். ஒரு மைக், ஒரு ஹெட்போன், மைக்கின் குரலை வாங்கி லேப்டாப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி. வயரை எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருந்தாள். ஆனால் மைக்கில் உயிரே இல்லை. பெட்டியில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று எழுதிய பொத்தான் ஒன்று இருந்தது. இந்த வகை மைக்குக்கு அதை அமுக்கினால்தான் மின்சாரம் போகும் என்று கையேடு சொன்னது. வாய்க்கு நேராக மின்சாரமா என்று நாங்கள் இருவரும் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தோம். வயலிலிருந்து வந்த ராமசாமி அண்ணன், "நாப்பத்தெட்டுக்கா பயப்படுறீங்க? நம்ம மோட்டாருக்கு நானூத்திநாப்பது ஓடுது" என்று சொல்லி, மண் கையோடு அமுக்கிவிட்டுப் போனார். மைக் உயிர் பெற்றது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மறுநாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கதையைப் பதிவு செய்தாள். கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது; ஃபேன் சத்தமும் கோழிச் சத்தமும்தான் தெளிவாகக் கேட்டன. மைக்கைக் குறை சொன்னாள், பெட்டியைக் குறை சொன்னாள். பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. பதிவை ஓடவிட்டு, மைக்கை நகத்தால் ஒரு சுண்டு, லேப்டாப்பை ஒரு சுண்டு. லேப்டாப்பைச் சுண்டியதுதான் 'டொக்' என்று பதிவாகியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய மைக் அலங்காரமாக நிற்க, பதிவு செய்யும் மென்பொருள் லேப்டாப்பின் சொந்த மைக்கையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பட்டியலில் இன்டர்ஃபேஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் அவள் குரல் நேராக வந்து நின்றது.

அடுத்த வம்பு எதிரொலி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். என்ன வாசித்தாலும் கல்யாண மண்டபத்தில் பேசுவதுபோல் இருந்தது. போர்வையைத் தொங்கவிட்டாள், பாயைச் சாய்த்து வைத்தாள், எதுவும் ஆகவில்லை. அந்த வருடம் மழைக்குப் பயந்து, எடுத்த பருத்தியைப் பின்பக்கச் சின்ன அறையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். எதையோ எடுக்க உள்ளே போனவள் அங்கிருந்தே கணவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவருக்குக் கேட்கவே இல்லை. அன்று மதியம் எனக்குப் போன் செய்தாள். "சாந்தி, அந்த ரூமுல என் கொரலு வெளிய ஓடாம என்கிட்டயே நிக்குதுடி!" அன்றே மேசை பருத்தி மூட்டைகளுக்கு நடுவே போனது.

விலை ஏறி வியாபாரி வண்டியோடு வந்தபோது அவள் வாசலில் குறுக்கே நின்ற கதை ஊருக்கே தெரியும். பாதிப் புத்தகத்தில் மூட்டை போய்விட்டால் மீதிப் பாதி வேறு சத்தமாக இருக்கும் என்று அவருக்கு விளக்கியிருக்கிறாள். அவர் ராமசாமி அண்ணனைப் பார்த்து, "அம்மா என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டாராம். கடைசியில் பருத்தி போனது. ஆனால் அறை காலியாகவில்லை. வைக்க இடமில்லாத அக்கம்பக்கத்தாரின் பருத்தியைக் கூப்பிட்டு வாங்கி அடுக்கிவிட்டாள். "மழை பெஞ்சா கோமதி வூட்டுக்குக் கொண்டாங்க" என்று ஊரில் பேச்சே ஆகிவிட்டது. பருத்தி இல்லாத மாதங்களில் ஊரில் உள்ள பழைய மெத்தைகள் எல்லாம் அங்கே வந்து நின்றன.

இவ்வளவு பாடுபட்டு ஒரு மாதிரிப் பதிவைச் சென்னைக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் கொடுத்தாள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்து, ஒரு பிழைகூட இல்லை என்றேன். இரண்டு நாள் கழித்து நித்யா அவளைக் கூப்பிட்டாள். "குரல் ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா ஏன் ஒவ்வொரு எடத்துலயும் கமா, முற்றுப்புள்ளி, புதுப் பத்தின்னு சொல்றீங்க?" நகல் பிரிவில் அப்படித்தான் வாசிக்க வேண்டும், ஒரு கமா விட்டுப்போனாலும் நகல் தப்பு. வாசித்தவளுக்கும் அது தெரியவில்லை, சரிபார்த்த எனக்கும் தெரியவில்லை. அவள் கமாவை விட்டிருந்தால் அல்லவா நான் பென்சிலால் சுழித்திருப்பேன்! அன்று போனில் நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பழக்கத்தை ஒரே நாளில் விட முடியுமா? கமா வந்தால் தொடையில் விரலால் ஒரு தட்டு, முற்றுப்புள்ளி வந்தால் இரண்டு தட்டு என்று வைத்துக்கொண்டாள். வாய் சொல்லாததை விரல் சொன்னது. அவள் வாசிப்பில் அந்த நிறுத்தம்தான் அழகு என்று உங்களில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். வாய் தவறினால் பதிவை நிறுத்த மாட்டாள். மைக் பக்கத்தில் ஒரு கைதட்டு. திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் அந்த இடம் முள்ளாக எழுந்து நிற்கும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். தட்டிவிட்டு அதே வரியை மறுபடி வாசிப்பாள். என் வீட்டில் ஒரு சண்டை வந்து நான் பல நாள் மனம் உடைந்து கிடந்தபோது, "தப்பு நடந்துட்டா அங்கயே நின்னு அழுதுட்டு இருப்பியா? ஒரு தட்டு, மறுபடி படி" என்றாள். எனக்கு அவள் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

இனி அந்த மூன்று அத்தியாயங்களுக்கு வருகிறேன். நித்யா, அடுத்த அத்தியாயத்தின் முதல் பத்தியைக் கோமதியின் குரலில் செய்து அனுப்பியிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு செட்டிகுளம் போனேன். ராமசாமி அண்ணன் அந்தப் பருத்தி அறையிலேயே உட்கார்ந்திருந்தார். "அவ கொரலு இன்னும் மூணு அத்தியாயம் கேக்கும்லம்மா?" என்று சின்னக் குழந்தை மாதிரி கேட்டார். நான் போனை அவர் கையில் கொடுத்தேன். அவள் குரலேதான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. நிறுத்தங்கள்கூட இருந்தன. பல வருடம் அவள் குரலைச் சரிபார்த்த என்னாலேயே எங்கும் சுழிக்க முடியவில்லை.

அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு, "கெணறு யாருக்குன்னு கோமதி கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாம்மா. தம்பிக்குத்தான் கெடைக்கும், பாத்துக்கிட்டே இருங்கன்னு சோறு போடுறப்பகூட அதே பேச்சு" என்றார்.

எனக்கு அது தெரியும். கோமதி எந்தப் புத்தகத்தையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டாள். மற்றவர்கள் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டுத்தான் மைக் முன்னால் உட்காருவார்கள் என்று நித்யா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. நான் அதற்கு நேர் எதிர். ஆபீசில் எந்த வழக்குக் கட்டு வந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, யார் ஜெயித்தது என்று பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுப்பேன். அவள் என் கையைத் தட்டிவிடுவாள். "தீர்ப்பு கடைசிலதான்டி வரும். அது வர்ற வரைக்கும் ரெண்டு பேருமே ஜெயிக்கக்கூடியவங்கதான். அப்படி நெனச்சுத்தான் படிக்கணும்" என்பாள். சரிபார்க்க இந்த நாவலின் இன்னொரு பிரதியை எனக்குக் கொடுத்தபோது, என்மேல் நம்பிக்கை இல்லாமல், கடைசி அத்தியாயங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித்தான் கொடுத்தாள்.

ராமசாமி அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்மா."

"ஏண்ணே? நீங்கதானே ஆசைப்பட்டீங்க?"

"ஆசைதான். இப்பவும் ஆசைதான். ஆனா அவளுக்கே தெரியாததை அவ கொரலு சொல்லக் கூடாது. தெரிஞ்சுக்கணும்னு எவ்வளவு தவிச்சா! நீ படிம்மா. இங்க வந்து, இந்த ரூமுலயே படி."

நான் அழுதேன். அவரும் அழுதார். பிறகு அவரே எழுந்து போய் காபி கலந்து கொண்டுவந்தார்.

நித்யாவிடம் சொன்னபோது, நடுவில் குரல் மாறினால் கேட்பவர்கள் குறை சொல்வார்களே என்று கவலைப்பட்டாள். நகல் பிரிவில் வாசிப்பவர் பாதியில் எழுந்து போனால், இன்னொருவர் உட்கார்ந்து மீதியை வாசிப்பார். எந்த இடத்தில் ஆள் மாறியது என்று குறித்து இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் எந்த நகலும் செல்லாமல் போனதில்லை என்றேன். "சரி மேடம், மாதிரி அனுப்புங்க" என்றாள். என் குரல் தகரம். அதில் சந்தேகமே வேண்டாம். இருந்தாலும் மாதிரியைக் கேட்டுவிட்டுப் போதும் என்று சொல்லிவிட்டாள். 'இதுவரை வாசித்தவர் கோமதி, இனி வாசிப்பவர் சாந்தி' என்று நடுவில் ஒரு வரி வரும்.

கோமதியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது எது என்று கேட்டால், கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்கும் இந்தப் பொறுமையைத்தான் சொல்வேன். அவள் உயிரோடு இருந்தவரை எனக்கு அது வரவில்லை. இதை எழுதும்போது நாவல் என் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் பார்க்கப் போவதில்லை. கையைத் தட்டிவிடவும் ஆள் இல்லை. கை அந்தப் பக்கம் போகாமலும் இல்லை. ஆனால் ரப்பர் பேண்டை நான் கழற்றவில்லை. கிணறு யாருக்கு என்று கோமதிக்குத் தெரியாது. எனக்கும் இன்னும் தெரியாது. நாளைக் காலை செட்டிகுளத்தில், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, உரக்க வாசித்துத்தான் தெரிந்துகொள்வேன்.