ஜெனரலுக்கு ஒரு மனு

சாமிக்கே பிராது எழுதிக் கட்டுகிற ஊர் எங்களுடையது. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனால் பார்க்கலாம், சீட்டுச் சீட்டாகத் தொங்கும். அதனாலோ என்னவோ, எனக்குக் கோபம் வந்தால் வாயால் சண்டை போடுவதைவிட மனு எழுதத்தான் கை பரபரக்கும். தெருவுக்கு விளக்கு வேண்டும், ஸ்கூல் வாசலில் வேகத்தடை வேண்டும், ரேஷன் கார்டில் மாமியார் பெயரைத் திருத்த வேண்டும் என்று நான் போட்ட மனுக்களின் ஜெராக்ஸ் ஒரு துணிப்பை நிறைய இருக்கிறது. பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. ஆனாலும் மனு என்றால் எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் வேற்று நாட்டு ஜெனரல் ஒருவருக்கே மனு போட்டேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை இது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் டிரைவர். சண்டை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு ஒன்பது நாடுகள் சேர்ந்து ஒரு படையை அனுப்பியிருந்தன. நம் நாட்டிலிருந்து போனவர்களில் இவரும் ஒருவர். ஒன்பது நாட்டுச் சிப்பாய்களுக்கும் மேலே ஒரே ஜெனரல், பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டுக்காரர். அந்த ஜெனரலின் வண்டியை ஓட்டும் வேலை இவருக்குக் கிடைத்தது.

நான் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? என் புருஷன் யாருக்கு வண்டி ஓட்டுகிறார் தெரியுமா என்று நான் பீற்றிக்கொண்ட வேகத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த மனிதர் விரலை அசைத்தால் ஒன்பது நாட்டுப் படையும் நகரும், விரலை மடக்கினால் நிற்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தினமும் முகாம் முகாமாகப் போய் உட்கார்ந்து பேசுகிறார், அவர்கள் போடுவதைச் சாப்பிடுகிறார், அதுதான் அவர் வேலை போலிருக்கிறது என்று இவர் போனில் சொல்வார். ராஜா மாதிரி வாழ்கிறார் போல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. மருந்து மாத்திரையில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அந்த வருடம் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில், இனிமேல் தள்ளிப்போட வேண்டாம் என்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதை விட்டால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். இவருக்கும் அந்த மாதம் லீவு வருவதாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே பெய்த மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. மாற்று ஆட்கள் வந்து சேரவில்லை, அதனால் யாருக்கும் லீவு இல்லை என்று ஆகிவிட்டது.

மகள் அப்பா செல்லம். அப்பா வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், அது ஒன்றும் பெரிய காரியமில்லை. என் பயம் வேறு. உள்ளே கொண்டுபோன பிள்ளை எழுந்திருக்காமல் போய்விட்டால், அப்பாவைப் பார்க்காமலே போய்விடுவாளே என்பது. அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவரிடம் லீவைப் பற்றிக் கேட்டால், கர்னலிடம் கேட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஜெனரலிடம் கேளுங்கள் என்றேன். போனிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு டிரைவர் ஜெனரலிடம் போய் லீவு கேட்க முடியுமா, நீயும் எதையாவது இழுத்து வைக்காமல் இரு என்றார்.

நான் சும்மா இருப்பேனா? மறுநாளே தாலுகா ஆபீஸுக்கு எதிரில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போய் நின்றேன். என் மனுக்களையெல்லாம் எழுதியவர் அவர்தான். ரிட்டயரான குமாஸ்தா. இங்கிலீஷ் கைவசம் உண்டு, கம்ப்யூட்டரும் வைத்திருந்தார். பெறுநர் யார் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, ஜில்லாவத் தாண்டி நான் மனு எழுதுனதே இல்லியே" என்றார்.

"எழுதுங்க ஐயா. பெத்தவரு வந்து நிக்கணும்னுதான கேக்குறேன், பீரங்கியா கேக்குறேன்?"

பழக்கதோஷத்தில் அவர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். அனுப்புநர், பெறுநர், பொருள். கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதை எப்படியோ இங்கிலீஷில் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டின் ஜெராக்ஸை இணைப்பாகச் சேர்த்தார். கீழே, நான் கேட்காமலே, நகல் என்று போட்டு என் வீட்டுக்காரரின் கர்னலையும் இழுத்துவிட்டார். நகல் இல்லாத மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. அந்தப் படையின் இணையப் பக்கத்தில் ஓர் ஈமெயில் முகவரி இருந்தது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதற்கே அனுப்பினோம். நகலை உரியவரிடம் சேர்க்கவும் என்று ஒரு வரியும் போட்டார்.

பதினோரு நாள் கழித்து, நான் வேலையில் இருந்தபோது மனு எழுதிக் கொடுப்பவரிடமிருந்து போன் வந்தது. பதில் வந்திருக்கிறது, ஜெனரலே எழுதியிருக்கிறார் என்றார். கையில் அப்பிய களிமண்ணோடு ஓடினேன். பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். மகளின் பெயரைப் போட்டு அவள் உடம்பைப் பற்றி விசாரித்திருந்தார் ஜெனரல். அதற்குப் பிறகு வந்த வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"உங்கள் கணவருக்கு விடுமுறை கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. எந்தப் படை எங்கே நிற்க வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று மட்டுமே நான் சொல்லலாம். அவர்களுடைய விடுமுறை, சாப்பாடு, தண்டனை எல்லாம் அவரவர் நாட்டின் கையில் இருக்கிறது. என்னால் கேட்க முடியும். கேட்கிறேன்."

கடைசியில் இன்னொரு வரி. நகலை யாரிடமும் கொடுக்கவில்லை, கொடுத்தால் உங்கள் கணவருக்குச் சங்கடம் வரலாம், அதனால் என்னிடமே வைத்துக்கொண்டேன் என்று. அதைப் படித்துவிட்டு மனு எழுதிக் கொடுப்பவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம். ஒரு டிரைவருக்கு லீவு கொடுக்கத் துப்பில்லாத ஆளுக்கு எதற்கு ஜெனரல் என்று பேர், தோளில் எதற்கு அத்தனை நட்சத்திரம்? வழியெல்லாம் திட்டிக்கொண்டே கம்பெனிக்குத் திரும்பினேன். அன்று என் கையில் சிக்கிய பொம்மைகளில் நாலைந்துக்கு மூக்கு போய்விட்டது.

மறுநாள் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்துச் சின்னக் கம்பெனிகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய சூளை. அதைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் எங்கள் முதலாளியிடம் வந்து நின்றார். வேறொரு கம்பெனியின் சரக்கு அவசரமாக வேக வேண்டும், உங்கள் முறையை ஒரு நாள் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். சூளை அவர் பொறுப்பு. ஆனால் முறை முதலாளிகளுடையது, யாரையும் அவர் அதட்ட முடியாது. டீ குடித்தார், முதலாளி மகனின் படிப்பை விசாரித்தார், சிரித்தார், மறுபடியும் கேட்டார். வருடக்கணக்காக நான் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். ஜெனரல் முகாம் முகாமாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுவது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கோபம் கொஞ்சம் இறங்கியது. நம்பிக்கையும் கூடவே இறங்கியது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இவருடைய போன் வரவில்லை. வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் வீடியோவில் பேசுவார். மகள் தலை வாரி, பொட்டு வைத்து, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தாள். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. அன்றைக்கு ஜெனரலையும் இவரையும் சேர்த்தே திட்டித் தீர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, நாளைக்கு விமானம் என்றார். எப்படிக் கிடைத்தது என்று அவருக்கே தெரியவில்லை. கர்னல் கூப்பிட்டார், போய்விட்டு வா என்றார், அவ்வளவுதான் என்றார். மனுவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சென்னையில் இறங்கி, திருச்சி பஸ் பிடித்து, வேப்பூரில் வந்து இறங்கினார். ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்ட மகள் புதுச்சேரி போய்ச் சேரும்வரை விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, நாங்கள் இருவரும் வராந்தாவில் சுவரோரம் தரையில் உட்கார்ந்தோம். நேரம் நகரவே இல்லை. எதையாவது பேசினால் தேவலை போலிருந்தது. மனு போட்டதைச் சொன்னேன். பையிலிருந்து ஜெனரலின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். மேலே இருந்த தேதியைப் பார்த்தார். கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஞாயித்துக்கெழம வண்டி ஓட்டுனதே நான்தான்" என்றார்.

அன்று அவருக்கு ஓய்வு நாள். எங்களுக்குப் போன் போட உட்கார்ந்தவரை ஜெனரல் வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் நம் கர்னலின் முகாம். அடுத்தது இன்னொரு நாட்டு முகாம். இவருக்குப் பதிலாக வண்டி ஓட்ட ஆள் வந்தது அங்கிருந்துதான். கடைசியாக, தலைநகருக்குப் பறக்கிற சின்ன விமானத்தை வைத்திருந்த நாட்டின் முகாம். ரோடு அறுந்து கிடந்ததால் அந்த விமானத்தை விட்டால் வேறு வழியில்லை, அதில் போகிறவர்களின் பட்டியலைத் திங்கட்கிழமை முடித்துவிடுவார்கள். மூன்று இடத்திலும் ஜெனரல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார், கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறார். கடைசி முகாமின் அதிகாரி வாலிபால் ஆடப் போயிருந்தாராம். ஜெனரலைவிட நாலு படி கீழே இருப்பவர். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது முடியும்வரை ஜெனரல் மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் சேரில் காத்திருந்தாராம்.

இவர் வண்டியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளை காத்துக்கொண்டிருப்பாளே, ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஆளுக்கு ஊர் சுற்ற வேண்டுமா என்று தமிழில் முணுமுணுத்துத் திட்டினாராம். ஜெனரல் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாராம்.

"எனக்காகக் கேக்கப் போறாருன்னு தெரியாம, எடத்துக்கு எடம் நானே கொண்டு போயி வுட்டிருக்கேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

ஜெனரல் என்ன சொல்லிக் கேட்டார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மனுவைக் காட்டவில்லை என்பது மட்டும் தெரியும். அதட்டி வாங்கிக் கொடுத்திருந்தால் பெரிய மனிதர்தான் என்று சொல்லிவிட்டு நான் மறந்துபோயிருப்பேன். அவர் கேட்டு வாங்கினார். காலமெல்லாம் மேலே இருப்பவர்களிடம் கேட்டே பழகியவள் நான். அவர்களும் யாரிடமாவது போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இவர் இன்னொன்றும் சொன்னார். இரண்டாவது முகாமுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னாராம் ஜெனரல். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். பின் சீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சர்ச்சும் பூவும் வெள்ளை கவுனும் தெரிந்தனவாம்.

"யாரு கல்யாணம்?" என்று கேட்டேன்.

"அவரு பொண்ணு கல்யாணம்."

ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொரு நாட்டு அதிகாரி வர வேண்டும். அப்படி வருகிறவர் சொல்லை இரண்டு நாட்டுப் படைகள் கேட்காது, முகாமை விட்டு வெளியே வராது. அந்த நேரத்தில் அப்படி ஆனால் அந்த நாட்டில் மறுபடியும் சண்டை மூண்டுவிடும். அதனால் தன் லீவைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். படை முழுக்கத் தெரிந்த விஷயமாம். எனக்கு எழுதின கடிதத்தில் அதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

மதியத்துக்கு மேல் டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். நான் அவர் காலைத் தொடப் போனேன், நகர்ந்துகொண்டார். மறுநாள் காலையில் நர்ஸ் வந்தார். பிள்ளை நன்றாகக் கண் விழித்துவிட்டாள், ஒருவர் மட்டும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார். பெற்றவள் நான், ஆறு வருடம் மருந்து கொடுத்தவள் நான், மனு போட்டவளும் நான். எழுந்த வேகத்தில் இரண்டு எட்டு வைத்தும் விட்டேன். பிறகு நின்றேன்.

"நீங்க போங்க" என்றேன்.

அவர் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் முகத்தை வைத்துப் பார்த்தேன். குழாய்களுக்கு நடுவே அவள் தலை மெல்லத் திரும்பியது. அவரைப் பார்த்ததும் உதடு அசைந்தது. அப்பா என்றுதான் சொல்லியிருப்பாள். நான் பார்த்தே இராத, பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராத அந்த மனிதருக்கு அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அவருடைய மகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக வாழ வேண்டும் என்று அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்று வேண்டிக்கொண்டேன்.