வெந்நீரில் போட்ட சுங்கான்

புகையிலைச் சுங்கானின் பச்சை பூத்துப்போன வாய்க்குழலை மீண்டும் கறுப்பாக்கும் முறை எனக்கு இன்றும் மனப்பாடம். அது எபோனைட் என்கிற கெட்டி ரப்பர்; வெயிலும் எச்சிலும் பட்டால் நிறம் மாறும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சலித்த சாம்பலை ஈரத்துணியில் தொட்டு நீளவாக்கில் தேய்க்க வேண்டும். கடைசியில் துளி தேங்காய் எண்ணெய். வெந்நீர் மட்டும் கிட்டே வரக் கூடாது. நிறம் இன்னும் கெடும், வளைவும் நிமிர்ந்துவிடும்.

மேட்டூர் அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் இஞ்சினியர் துரையிடம் நான் குமாஸ்தா. என் எபோனைட் பேனா பளபளப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். மேற்கண்டதை, வெந்நீர் எச்சரிக்கை உட்பட, நல்ல இங்கிலீஷில் பிரசங்கம் செய்தேன். அன்று மாலையே தம் சுங்கானை என்னிடம் கொடுத்துவிட்டார். அவருடைய தகப்பனார் வைத்திருந்ததாம்.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். முனையில் பல் தடம். எவனுடைய எச்சிலோ. சுங்கான் பேனா அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. தொட மனம் வராமல், இடுக்கியால் பிடித்து, குழலைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எடுத்தபோது விளக்குமாற்றுக் குச்சி போல நிமிர்ந்து, சாணி நிறத்தில் இருந்தது.

துரை கேட்டபோது, "பியூன் தெரியாமல் வெந்நீரில் கழுவிவிட்டான்" என்றேன்.

"நாளையிலிருந்து அவன் வர வேண்டாம்."

அந்தப் பியூன் ராசிபுரத்து நெசவாளி. தறி ஓடாமல் வேலைக்கு வந்தவர், என்னைவிட மூத்தவர். குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, அதை நான் கண்ணாலகூடப் பாக்கலீங்களே?"

"துரை எச்சிலப்பா. எனக்குக் குமட்டிச்சு. நான்தான் போட்டேன்."

அவர் சிரித்தே விட்டார். "அட, என்ரகிட்டக் குடுத்திருந்தா தேச்சிருப்பேனுங்களே! பேரன் எச்சியத் தொடைக்காத நாளா? அந்தக் கருமத்தக் கொண்டாங்க, சரி பண்ணிப்புடலாம். அப்புறம் துரைகிட்ட நெசத்தச் சொல்லிப்புடுங்க. ஊட்டுல ஆறு வாயுங்க."

இரண்டு முழம் தள்ளி நின்று நான் முறை சொன்னேன், அவர் செய்தார். விளக்குச் சூட்டில் இளக்கிப் பக்குவமாக வளைத்தார். கை ஓயத் தேய்த்தார். குழல் கறுத்துப் பளபளத்தது.

துரை வாயில் வைத்துப் பார்த்தார். "பிரமாதம். உன் கைவேலையா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் இலக்கணம் பிசகாமல் தயாராக இருந்தது. "தேங்க் யூ, சார்" என்றேன்.

பியூன் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். "சொன்னீங்களா சாமி?"

"சொன்னேன். துரை மசியலப்பா."

"போவுது உடுங்க. எனக்காக உங்க பொழப்பயே பணயம் வெச்சுக் கேட்டீங்களே, அது போதுமுங்க."

கும்பிட்டார். விரல்களில் குழலின் பழுப்புக் கறை அப்பியிருந்தது. கழுவிக்கொள்ளட்டும் என்று செம்பில் தண்ணீர் மொண்டு, உயரத் தூக்கி ஊற்றினேன். அதற்கும் ஒரு தரம் கும்பிட்டார்.