எங்கள் தெருவின் எலெனாக்கள்

எங்கள் வீட்டில் யாரையும் எந்த வகுப்புக்கும் அனுப்பும் வழக்கம் கிடையாது. பாட்டு, பரதம், கராத்தே, அபாகஸ் என்று பொழிச்சலூரில் அந்த வருடங்களில் தெருவுக்கு ஒரு பலகை தொங்கியது. அம்மா எதையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதே மண்டையில் ஏறவில்லை, இதில் கூடுதலாக வேறு என்னத்துக்கு என்பது அவளுடைய கட்சி. அப்பேர்ப்பட்ட அம்மா, ஒரு சித்திரை மாதக் காலையில், செய்தித்தாளுக்குள் இருந்து விழுந்த மஞ்சள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, என்னையும் தம்பியையும் ஸ்பானிஷ் மொழிக் கோடை முகாமில் சேர்க்கப்போவதாக அறிவித்தாள். அப்பாவுக்குத் தோசை தொண்டையில் நின்றுவிட்டது. ஹிந்தி வகுப்புக்கே போக வேண்டாம் என்றவளுக்கு ஸ்பானிஷ் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். உலகம் முன்னேறுகிறது என்று அம்மா பதில் சொல்லிவிட்டுச் சட்னி எடுத்து வரப் போனாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் மே மாதம் காலை வேளைகளில் முகாம். முதல் நாள் ஒவ்வொரு குழந்தையோடும் ஆசிரியை கொஞ்ச நேரம் பேசுவார் என்றும், முன்பயிற்சி எதுவும் தேவையில்லை என்றும் நோட்டீஸில் போட்டிருந்தது. இந்தக் கடைசி வரியை எங்கள் பகுதியில் ஒருவரும் நம்பவில்லை. எல்.கே.ஜி.யில் சேர்க்கவே குழந்தைக்கு ஒரு இன்டர்வியூ, அம்மா அப்பாவுக்கு ஒரு இன்டர்வியூ என்று ஓடி அலைந்தவர்கள் அவர்கள். தேவையில்லை என்று ஒரு பள்ளிக்கூடம் சொன்னால் கட்டாயம் தேவை என்றே பொருள் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. ஆக முகாமுக்குப் போவதற்கு முன்னால் முகாமுக்கு ஒரு டியூஷன் வேண்டும். அதற்கு ஆள்?

எங்கள் வீட்டில் அப்போது சித்தப்பா இருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. இன்ஜினியரிங் முடிக்கும் முன்பே வேலை கிடைத்து, புது ஷூவும் புதுப் பெட்டியுமாகப் பெங்களூருக்குப் போனவர். ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய சமயத்தில் அவரும் அதே பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். கொஞ்ச நாள் எங்கெங்கோ விண்ணப்பம் போட்டார். பிறகு அதையும் நிறுத்தினார். முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். தாடி வளர்ந்தது. எதைக் கேட்டாலும் ‘ம்’. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றத்தூர் மலைப் படி ஏறிய சித்தப்பா அவர். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய், திரும்பி வந்தும் அதே முதுகைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அப்பா அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அம்மா மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாள். எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்துதான் அவர் சாப்பிட வேண்டும், எவ்வளவு ஆறிப்போனாலும் சரி.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நோட்டீஸோடு நின்றாள் அம்மா.

“தம்பி, இதுங்க ரெண்டும் அங்க போய்ப் பேந்தப் பேந்த முழிக்கும். நீங்கதான் ஏதாவது சொல்லிக் குடுக்கணும்.”

“எனக்கு எங்க அண்ணி ஸ்பானிஷ் தெரியும்?” என்றார் சித்தப்பா, சுவரிடம்.

“தெரியலைன்னா தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லிக் குடுங்க. இந்த வீட்ல வேற யாரு இன்ஜினியர்?”

அவர் அன்று எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. அம்மா எங்களை ஏவிவிட்டாள். தம்பி போய், பூனைக்கு ஸ்பானிஷில் என்ன சித்தப்பா என்பான். கொஞ்ச நேரம் கழித்து நான் போய், நாய்க்கு என்ன என்பேன். அம்மா உள்ளே இருந்து அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பாள். எங்கள் நச்சரிப்பு தாங்காமல் ஒரு சாயங்காலம் சித்தப்பா எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு பல்லாவரத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டுக் காகிதம். பூனை ‘கத்தோ’ என்றார். கேட்ட தம்பி அதற்குள் தூங்கிப்போயிருந்தான். எழுப்பிச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே மொட்டைமாடியில் வகுப்பு தொடங்கியது. தண்ணீர்த் தொட்டிதான் கரும்பலகை. விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் இறங்கும். ஒவ்வொன்றும் வரும்போது யாராவது பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். அது போன பிறகு மீதியைச் சொல்வார்கள். பொழிச்சலூரில் பிறந்தவர்களுக்கு அது தானாக வரும். முதலில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் வீட்டு மாடியில் ஏதோ கோச்சிங் நடக்கிறது என்ற செய்தி தெருவில் பரவியதும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு அக்கா தன் பையனை ஒரு கையில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா தம்பி, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற, எங்க வூட்டுப் பையன் மட்டும் இன்னா பாவம் பண்ணான்?”

அவனும் சேர்ந்தான். மாடிப்படியின் கீழே செருப்புகள் குவிந்தன. தாய்மார்கள் காலையில் கேட்டருகே நின்று, என் பெண் எப்படிப் படிக்கிறாள் சார் என்று கேட்கத் தொடங்கிய பிறகு சித்தப்பா தாடியோடு அவர்கள் முன்னால் வரக் கூச்சப்பட்டார். ஒரு நாள் பிளேடு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். நான் பாதி இட்லியில் இருந்தேன். ஓடு, கடைக்கு ஓடு என்று அம்மா என்னைத் துரத்திய துரத்தலில் கையைக்கூடக் கழுவவில்லை. ஒரு பிளேடுக்கு இந்த அவசரமா என்று எனக்குக் கோபம்.

சித்தப்பா கொண்டு வந்த காகிதத்தில் எலெனா என்ற பெண் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாடம் ஒன்று இருந்தது. அவள் பெயர் எலெனா. ஊர் செவில். அப்பா டாக்டர். அவளுக்கு ஒரு வெள்ளைப் பூனை. அந்த ஆசிரியை முதலில் இதைத்தான் கேட்பார் என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். நாங்கள் அதை வாய்ப்பாடு போல, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, ராகம் போட்டு உருப்போட்டோம். ‘மே யாமோ எலெனா, பீவோ என் செவீயா’ என்று தெருவே கேட்கக் கத்தினோம். அங்கே போய்ச் சொல்லும்போது அவரவர் பெயரையும் ஊரையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னது உண்மை. நாங்கள் தலையாட்டியதும் உண்மை. ஆனால் எங்களுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் ‘என் நண்பன்’ கட்டுரை எழுதினால் வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நண்பன்தான். நோட்ஸில் இருக்கும் அதே பெயர், அதே தெரு, அதிகாலையில் எழும் அதே நல்ல பழக்கம். சொந்த நண்பனைப் பற்றி எழுதிய ஒருத்திக்கு மதிப்பெண் குறைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். பாடத்தில் உள்ளதை மாற்றினால் ஆபத்து என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டோம். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. பாவம், இந்தச் சின்ன விஷயம் அவருக்குத் தெரியவில்லையே என்று விட்டுவிட்டோம்.

முகாம் தொடங்கும் நாளில் சித்தப்பா பெங்களூரில் வாங்கிய சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டார். அம்மா வாசல்வரை வந்து அந்தச் சட்டையைப் பார்த்தாளே தவிர, எங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. தம்பிக்குப் பொத்தான் மாறியிருந்ததைப் பேருந்தில்தான் கவனித்தோம். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி, தாம்பரம் வரும்வரை எலெனாவைச் சொல்லிக்கொண்டே போனோம். எதிரில் இருந்த பெரியவர் ஒருவர் இது எந்தக் கோயில் ஸ்லோகம் என்று கூட வந்த எதிர்வீட்டு அக்காவிடம் விசாரித்தார்.

ஹாலில் வேறு பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். தண்ணீர் பாட்டிலை உருட்டி விளையாடிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த அவர்களைப் பார்க்க எங்களுக்குப் பாவமாக இருந்தது. ஆசிரியை பருத்திப் புடவை கட்டிய நம் ஊர்க்காரர்தான். வெகுகாலம் வெளிநாட்டில் இருந்தவராம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான்தான் மூத்தவள் என்பதால் முதலில் போனேன். உன் பெயர் என்னம்மா என்று தமிழில்தான் கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல், எலெனாவை முழுதாகச் சொல்லி முடித்தேன். அவர் புருவம் உயர்ந்தது. அசந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்து வந்தவளும் எலெனா. செவில். அப்பா டாக்டர். வெள்ளைப் பூனை. எதிர்வீட்டுப் பையனும் எலெனா. அவன் அப்பா மீனம்பாக்கத்தில் டாக்ஸி ஓட்டுபவர். ஆசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில் தம்பி போனான். அவனுக்கு அத்தனை பேரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தமிழில் சொன்னான்:

“நானும் எலெனாதான் மிஸ்.”

ஆசிரியை சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஹாலே சிரித்தது, தண்ணீர் பாட்டில்காரர்கள் உட்பட. சிரித்து முடித்த பிறகு அவர் வெளியே நின்ற பெரியவர்களிடம் வந்து, இந்த முகாம் ஒன்றுமே தெரியாத குழந்தைகளுக்கானது என்றும், மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்களை அவர்களோடு உட்கார வைத்தால் இருவருக்கும் கஷ்டம் என்றும், எங்கள் தெருவைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றும் மெதுவாகத்தான் சொன்னார். படித்துவிட்டு வந்ததற்காக யாராவது தோற்றுப்போவார்களா? நாங்கள் தோற்றோம்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவ்வளவுதான், இன்று வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் நான். முதலில் போய் எலெனா என்று சொன்னவள் நான்தானே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் யாரோ என்று நினைத்தேன்.

“தெரியாம வந்தா சேத்துப்பீங்க, கத்துக்கிட்டு வந்தா வெளிய அனுப்புவீங்களா? இதுக்காகத் தினமும் காலையில எழுந்து படிச்ச பசங்க மேடம்! தப்பு என்னோடது. எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலை. அதுக்குப் பசங்க என்ன பண்ணுவாங்க?”

“சார், கொஞ்சம் மெதுவா…”

“மெதுவா எல்லாம் பேச முடியாது மேடம்!”

எதிர்வீட்டு அக்கா எங்களை ஒன்றுசேர்த்து கேட்டை நோக்கித் தள்ளினாள். “வாங்க, நாம போலாம். உங்க சித்தப்பா இப்ப வர்ற மாதிரி இல்ல. செம சூடா கீறாரு.”

சண்டை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு சித்தப்பா திரும்பி வந்தார். தொண்டை கட்டியிருந்தது. மத்தியானத்தில் எங்கள் தெருவுக்காகத் தனியாக ஒரு வகுப்பு எடுக்க ஆசிரியை ஒப்புக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நின்று சித்தப்பா உதவ வேண்டும். முதல் பாடமாக எல்லாரும் அவரவர் பெயரைச் சொல்லக் கற்க வேண்டும். அந்தக் கோடை முழுவதும் போனோம். அடுத்த தீபாவளிக்குள் சித்தப்பாவுக்குக் கிண்டியில் ஒரு வேலை கிடைத்தது. ஸ்பானிஷுக்கும் அந்த வேலைக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. எனக்கு இன்று எலெனாவைத் தவிர வேறொன்றும் நினைவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டருகிலேயே நின்றிருந்தாள். நான் தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எலெனா, சிரிப்பு, சேர்க்க மாட்டோம் என்றது. அவள் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

“சித்தப்பா எங்க?”

“அங்கயே இருக்காரு. அந்த மிஸ்கூடச் சண்டை போடுறாரு.”

“சண்டையா? சித்தப்பாவா?”

“ஆமா. ரோடு வரைக்கும் கேக்குது.”

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாங்கள் தோற்றதற்குத்தான் அழுகிறாள் என்று நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் நெய்யில் ரவை வறுபடும் வாசனை வந்தது. முந்திரி வேறு. பிறந்தநாளுக்குக்கூட எண்ணிப் போடுகிற முந்திரியை அன்று கையால் அள்ளிப் போட்டாள். கேசரி கிளறிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். பாட்டு போலத்தான் இருந்தது.

எனக்கு ஒரே ஆத்திரம். மே மாதம் முழுக்கப் போக வேண்டிய முகாம் போயிற்று, ஊரே சிரித்தாயிற்று, இவள் கேசரி கிளறுகிறாள். அம்மாவுக்கு விஷயம் சரியாக விளங்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று, பொறுமையாக, முதலிலிருந்து மறுபடியும் விளக்கினேன்: எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை அம்மா, நாங்கள் எல்லாரும் ஃபெயில். அவள் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.