பின்னால் கட்டிய கைகள்

என் அப்பா தணிகாசலம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முப்பது வருஷமாக அவர் நகக்கண்ணில் அரக்குச் சிவப்பு ஊறிக் கிடக்கிறது. எந்த சோப்புக்கும் அது போகாது.

போன சனிக்கிழமை என்னைப் பார்க்கச் சென்னைக்கு வந்தார். இங்கே அழகான நூலகம் இரண்டு இருக்கிறது, வா, காட்டுகிறேன் என்று நான்தான் கூட்டிப்போனேன். முதல் நூலகத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னலடியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. "அட்டையப் பாரும்மா, அசல் மயில்கழுத்து கலரு!" என்று கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவர் விரல்களையே பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம், அவள்மேல் அல்ல.

"தொடாதப்பா! கறையாயிடும்."

"சரிம்மா" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் போன இரண்டாவது நூலகத்தில் எட்டு மாடியையும் கையை அவிழ்க்காமலே சுற்றி வந்தார். மனசு கேட்காமல், கோயில் சிற்பங்களின் படப் புத்தகம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீயே பொரட்டிக் காட்டும்மா. நான் பாத்துக்கினு இருக்கேன்."

புரட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஒவ்வொரு ஜூன் மாதமும் என் புத்தகங்களுக்கு பிரவுன் ஷீட் அட்டை போட்டுக் கொடுத்தது அந்தக் கைகள்தான். ஒரு பக்கத்தில்கூடச் சிவப்பு ஒட்டியதில்லை.

அது தெரிந்தேதான் சொன்னேன்.