ஸ்டெபிலைசர் மேல் வைத்த மூன்று கேசட்டுகள்

கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற தொழிலில் மிகக் கஷ்டமான வேலை, அது ஒரு தொழில் என்று அடுத்தவரை நம்பவைப்பதுதான். மாசக்கணக்கில் செய்த வேலை ஒரு நொடியில் காணாமல்போய், வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி. எண்பதுகளின் கடைசியில் திருப்பதியில் நானும் முனிரத்தினமும் நடத்திய கம்பெனியின் முழுச் சரித்திரம் இது. மொத்தம் பத்து மாசம்.

ரூம் கிடைத்த கதை

நான் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவன். புரோகிராம் எழுதுவேன். முனிரத்தினம் நகரிக்காரன், வீட்டில் எட்டு பவர்லூம். படம் போடுவதில் சூரன். தறிச் சத்தத்தில் அவனுக்கு இடது காது போய்விட்டது. அங்கேயே நின்றால் வலதும் போய்விடும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். அவன் நைனா நம்பவில்லை. தெருவே தறி ஓட்டுகிறது, இவனுக்கு மட்டும் காது போகிறதா என்பது அவர் கட்சி. தீபாவளிக்குள் விளையாட்டு ஒரு கடைக்காவது போக வேண்டும், இல்லையென்றால் தறிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கெடு வைத்தார். அவன் காது எங்கள் விளையாட்டை நம்பி இருந்தது.

இதையெல்லாம் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்ல முடியுமா? கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்வோம் என்று மட்டும் சொன்னேன். அந்தம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்து, தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்.

“விளையாடறதுக்கு ரூமு. மரி, அப்போ வேலைக்கு எங்க போவீங்க?”

பின்பக்கமாக ஓடிய சேவகன்

சந்திரகிரி கோட்டைச் சுவரில் ஒரு சேவகன் ஓடி ஓடி ஏற வேண்டும். அதுதான் விளையாட்டு. சேலை பார்டருக்குக் கட்டம் போடுகிற டிசைன் பேப்பரிலேயே முனிரத்தினம் சேவகனை வரைந்தான். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி. நான் அதை அப்படியே நம்பராக மாற்றி கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டிவியில் பார்த்தால், சேவகன் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடுகிறான்! நாற்பது படமும் அப்படித்தான்.

விஷயம் இதுதான்: அவர்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். அதனால் டிசைனை இடவலம் மாற்றிப் போட்டே அவனுக்குக் கை பழகியிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவனுக்குக் கொஞ்சமும் கவலை இல்லை.

“எங்க ஊர்ல துணி குப்புறதான் ஓடும். உன் டிவி மல்லாக்க ஓடுனா நான் இன்னா பண்றது?”

ஆயுத பூஜை

புரட்டாசியில் விளையாட்டு முடிந்தது. அந்தக் காலத்தில் புரோகிராமைப் பாட்டு கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். எங்களிடம் இருந்தது மூன்று கேசட். மெட்ராஸ் கடைக்காரர் ஒருவர், தீபாவளிக்கு முன்னால் கொண்டுவந்தால் கடையில் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

நெய்து முடித்ததை மிஷின் தலைமேல் வைத்துப் பொட்டிட்டு, விஜயதசமி வரை தொடாமல் விடுவது முனிரத்தினம் வீட்டு வழக்கம். எங்கள் ரூமில் மிஷின் என்று சொல்லும்படி கனமாக இருந்தது ஸ்டெபிலைசர் ஒன்றுதான். மூன்று கேசட்டையும் அதன் தலையில் வைத்தான். வீட்டுக்கார அம்மாவின் ஃபிரிஜ்ஜுக்கும் அதிலிருந்துதான் கரண்ட். அதனால் பூஜையிலும் அது உர்ரென்று ஓடிக்கொண்டேதான் இருந்தது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், காந்தம் மாதிரி, கேசட்டில் பதிந்ததை அழித்துவிடும். எனக்குத் தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும்! ஆனால், கிறிஸ்தவப் பையன் பூஜைக்குக் குறுக்கே பேசுகிறான் என்று நினைத்துவிடுவானோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

விஜயதசமியன்று எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டோம். புரோகிராம் கேசட் என்றால் கீச்சென்று கத்த வேண்டும். மூன்றிலும் வெறும் இரைச்சல். முனிரத்தினம் நல்ல காதை டேப்ரிக்கார்டரில் ஒட்டவைத்து ரொம்ப நேரம் கேட்டான்.

“சாமு, எனக்குதான் கேக்கலியா, உனக்கும் கேக்கலியா?”

கெடு

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. மறுபடி எழுத உட்கார்ந்தேன், பாதிகூடத் தேறவில்லை. தீபாவளி முடிந்த மறுநாள் அவன் நைனா வந்துவிட்டார். கோபமாக வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். மனுஷன் கேசட்டை எடுத்து, நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இழை அறுந்தா முடி போட்டு ஓட்டுவோம். இதுக்கு முடி போட வழியே இல்லியா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். யார் தப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முனிரத்தினம் முந்திக்கொண்டான்.

“நான்தான் நைனா. சாமு வேணாம்னுதான் சொன்னான்.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

நகரி

முனிரத்தினம் தறிக்குத் திரும்பிவிட்டான். உண்மையைச் சொல்லி மன்னிப்பு கேட்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. நான் போன நேரம் நகரியில் கரண்ட் இல்லை. எல்லாத் தறியும் நின்று தெருவே அமைதியாக இருந்தது. முனிரத்தினம் தறியோரம் துணிப் பீஸ் மடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டெபிலைசர் விஷயம் எனக்கு அப்பவே தெரியும், சொல்லாமல் விட்டேன், மன்னித்துவிடு என்றேன். அவன் சிரித்தபடி என் உதட்டையே பார்த்தான்.

“தறி ஓடுனாலும் நின்னாலும் எனக்கு ஒண்ணுதான், கத்திச் சொல்லு சாமு.”

ஒரு விளையாட்டைக்கூட வெளியிடாத எங்கள் கம்பெனியின் ஒரே அறிவிப்பை, நகரித் தெரு முழுக்கக் கேட்கும்படி நான் கத்திச் சொன்னேன்.