கதவோரத்து நாற்காலி

ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசனை அறையில் கதவோரத்து நாற்காலி அவளுடையது. பஸ்ஸிலும் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்தான். சினிமாவிலும் ஓரத்து சீட்தான்.

"நீ படம் பாக்க வந்தியா, வெளிய போற வழியப் பாக்க வந்தியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சிரித்து மழுப்பிவிடுவாள்.

பாவம், வேறு என்ன செய்வாள்? பத்தொன்பது வயதில் அக்கா வேலை பார்த்த தையல் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் நாளே அக்கா கதவருகே இருந்த தன் இடத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். "இங்க உக்காருடி, காத்து வரும்." மூன்றாம் மாதம் தீப்பிடித்தது. இவள் வெளியே ஓடி வந்துவிட்டாள். அக்கா வரவில்லை.

ஆறு மாதம் இவளுக்குப் பேச்சே இல்லை. ஓர் ஆலோசகர் வாரம் தவறாமல் வந்து எதிரே உட்கார்ந்து, கடைசியில் வாயைத் திறக்க வைத்தார். தானும் அப்படி நாலு பேரைப் பேச வைக்க வேண்டும் என்றுதான் இந்த ஆலோசகர் படிப்பைப் படித்தாள். ஆனால் எட்டு வருஷமாகப் பார்த்ததெல்லாம் பரீட்சைப் பயம் வந்த பிள்ளைகளை. விபத்து என்று யார் வந்தாலும் பக்கத்து அறை டாக்டரிடம் தள்ளிவிடுவாள். நல்ல சாமர்த்தியம்!

இன்று அந்த டாக்டர் லீவு. வந்தவர் கிடங்குத் தீயில் தப்பிய மூட்டை தூக்கும் தொழிலாளி. ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஆலோசனைக்குப் போய்ப் பாதியில் எழுந்து போனவர். கைக்கட்டிலிருந்து வந்த தீப்புண் மருந்து வாடை தட்டியதும் அவள் நாற்காலியைக் கதவோரம் இன்னும் நகர்த்திக்கொண்டாள்.

"உக்காருங்கண்ணே."

அவர் எதிர்ச் சுவரோரத்து நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. "இன்னொரு நாள் வரேம்மா."

போகட்டுமே என்று ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கப்பட்டாள். இன்று போனால் இந்த மனிதர் இனி எங்கேயும் வரமாட்டார். அப்போதுதான் கவனித்தாள்: அவர் கண் அவள் மேல் இல்லை, அவளுக்குப் பின்னால் இருந்த கதவின் மேல் இருந்தது. குறுக்கே நந்தி மாதிரி இவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தாள். சுவர் வரை நாலே எட்டு. உள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கதவு எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது.

"நீங்க அங்க உக்காருங்கண்ணே," என்றாள். அடுத்த வார்த்தை அவளைக் கேட்காமலே வந்தது. "காத்து வரும்."

அவர் உட்கார்ந்தார். கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள என் தம்பி இருந்தாம்மா..."

அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயம் துளியும் குறையவில்லை.

"சொல்லுங்கண்ணே," என்றாள். "நான் எங்கயும் போகல."