கம்பவுண்டர் ஞானமுத்து மடித்த பொட்டலங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து காக்ஸ் டவுன் கோயிலை விட்டு வெளியே வந்தபோது ஞானமுத்துவின் மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா காலையில போயிட்டாரு டாக்டர்."

எங்கள் டிஸ்பென்சரி ஜன்னலில் மருந்து வாங்கிய எல்லாரும் கம்பவுண்டர் ஞானமுத்துவை அறிவீர்கள். அறியாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் என் தலை கொஞ்சம் குனியும், பரவாயில்லை.

பத்து வருடத்துக்கு முன்பு நடந்தது. தங்கம்மாள் டீச்சருக்கு அப்போது எழுபது வயது. கணவர் இறந்ததிலிருந்து பன்னிரண்டு வருடமாகத் தூக்கப் பொடி சாப்பிட்டு வந்தார். நாக்குக் குழறியது, நடை தள்ளாடியது, பெற்ற மகனையே யாரென்று கேட்டார். புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் அவரைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவு செய்தார். சர்டிபிகேட் எழுதியாயிற்று, என் கையெழுத்துதான் பாக்கி.

பேனாவை எடுத்தேன். ஞானமுத்து வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"டாக்டர், அந்தம்மாவுக்குப் பன்னெண்டு வருஷமா பொட்டலம் மடிக்கிறவன் நான். இது புத்தி இல்ல, பொடி."

சரி என்று பட்டது. உடனே என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்: பொடியை அன்றே அடியோடு நிறுத்தச் சொன்னேன். ஞானமுத்து வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சருக்கு வலிப்பு வந்தது. பழைய அளவையே திரும்பக் கொடுத்துத்தான் அவரைக் காப்பாற்றினோம். அன்று ஞானமுத்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதன்பின் அவர் வழிக்கு விட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை கிரெயின், ஒரு சிட்டிகையிலும் குறைவாக, குறைப்பார். பொட்டலத்தின் எடை குறையாமல் இருக்க, மருந்தில்லாத வெறும் பால் சர்க்கரைத் தூளைக் கலந்துவிடலாமே, டீச்சருக்குத் தெரியாதே என்றேன். "தெரியாம குறைச்சா, தெரியிற அன்னைக்கு நம்மள நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமைதோறும் டீச்சரைத் தராசின் முன் உட்கார வைத்து, அவர் கண்ணெதிரேதான் பொடியை எடைபோட்டு மடித்தார்.

நான்காம் மாதம் ஒரு வியாழக்கிழமையே வாரப் பொட்டலங்கள் தீர்ந்துவிட்டன. டீச்சரின் மருமகள் கிரேஸ் அழுதுகொண்டே வந்தாள். "பொட்டலம் மெலிஞ்சு மெலிஞ்சு வருது மாமா. அத்தை தூங்காம புரள்றாங்க. மனசு கேக்கல, ரெண்டு ரெண்டா குடுத்துட்டேன்."

நான் திட்ட வாயெடுத்தேன். ஞானமுத்து என்னைத் தடுத்துவிட்டு அவளிடம் சொன்னார்: "பாசத்துல பண்ணிட்ட, போகட்டும். இனிமே ஒண்ணுதான். படி எறங்குறவங்க மூச்சு வாங்கினா கூட வர்ற நாமளும் நிக்கணும். ஒரு மாசம் குறைக்காம வைக்கிறேன்."

அந்த ஒரு மாதம் எனக்குத்தான் பொறுமை போயிற்று. அவர் நின்றார். பிறகு மறுபடி அரை அரையாக இறங்கினார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு தனியாக டிஸ்பென்சரிக்கு வந்தார். தராசின் முன் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன நிறுக்கப் போறீங்க, ஞானமுத்து?" என்றார். "ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மா பேசிட்டுப் போங்க" என்றார் அவர். அதற்குப் பிறகு எத்தனையோ முதியவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஊரில் எனக்குக் கைராசி என்று பெயர் வந்தது. எல்லாம் அவர் கை.

நேற்று அடக்க ஆராதனையில் வேதம் வாசித்தது தங்கம்மாள் டீச்சர்தான். வயது எண்பதாகிறது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையிலிருந்து அந்த சர்டிபிகேட்டை எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் எழுதிய எத்தனையோ காகிதங்களில் எனக்குப் பெருமை தருவது அந்த ஒன்றுதான். அதில் என் கையெழுத்து விழாமல் நிறுத்தியவர் அவர்.